தொட்டிக்கு வெளியே ஒரு நாற்காலி

1958 மார்ச் 15, சனிக்கிழமை. டைரியில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது:

'காலை 4.40க்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல். 5.30 பூசை. கஞ்சி, துவையல். 7 முதல் 9 வரை சீட்டு வெட்டினேன். மஞ்சள் முந்நூறு, வெள்ளை முந்நூறு. கத்தரிக்கோல் மழுங்கல்; சாணை பிடிக்க வேண்டும். காற்றே இல்லை.'

அந்த டைரியில் பக்கத்துக்கு இருபத்தைந்து கோடுகள். அன்று இருபத்தொரு கோட்டில் எழுதியிருக்கிறேன். கடைசி நான்கு கோடுகள் வெறுமையாக இருக்கின்றன. நான் டைரி எழுதத் தொடங்கிய நாள் முதல் இடம் விட்ட பக்கம் அது ஒன்றுதான்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றி ஓடு போட்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், 'உங்கள் டைரியில் துக்கம் என்று ஒன்றுமே இல்லையா?' என்று கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறது. அந்த நான்கு கோட்டில் இருக்கிறது.

ஊர்ப் பெயரை இந்த வாரம் எழுதப்போவதில்லை. விராலிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும் என்பது மட்டும் போதும். அன்றைய பிள்ளைகள் சிலர் இன்றைக்கும் அங்கே பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள்.

இரண்டு நிறச் சீட்டு

வேறு சமயத்து வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும்.

பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. சாமியார் ஒரு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பக்கவாட்டில் பொத்தல் போட்ட தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும். அந்தக் கூண்டைத்தான் எங்கள் பக்கம் தொட்டி என்போம். தொட்டியில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. போலீஸ் கேட்டாலும் சொல்லக்கூடாது, மேற்றிராணியாராகிய பிஷப் கேட்டாலும் சொல்லக்கூடாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். செய்ததற்கு அடையாளமாகச் சாமியார் தட்டிக்கு மேலாக ஒரு சீட்டு நீட்டுவார். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வரும்போது அந்தச் சீட்டைக் கோவில் வாசலில் என்னிடம் கொடுக்க வேண்டும். நான் குடும்பப் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போடுவேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மிஷன் பள்ளியில் இரண்டாவது வாத்தியார். எழுத்து அழகாக இருக்கிறது என்று இந்த வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

உள்ளூர்ச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அதற்காக வருடத்துக்கு ஒருமுறை வெளியூர்ச் சாமியார் ஒருவர் மூன்று நாள் தியானம் கொடுக்க வருவார். உள்ளூர்க்காரரான எங்கள் பங்குச் சாமியார் கொடுப்பது வெள்ளைச் சீட்டு. வந்தவர் கொடுப்பது மஞ்சள்.

கோடு போடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. யார் மஞ்சள், யார் வெள்ளை என்று டைரியின் பின்பக்கத்தில் அட்டவணைகூடப் போட்டு வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. சும்மா போட்டேன். அதில் ஒரு வரி: 'பீடத்துக்குப் பூ வைக்கும் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர். 1956: எட்டும் மஞ்சள். 1957: எட்டும் மஞ்சள்.' எதிரே ஒரே ஒரு சொல்: 'வியப்பு.'

அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு கிழித்திருக்கிறேன். கோடு துளிகூடக் கோணவில்லை.

பூ வைக்கும் பிள்ளைகள் முறை வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தியாகச் சாமியார் பங்களாவுக்குப் போய்ச் சாவியும் பூச்சாடியும் வாங்கி வர வேண்டும். 1957 ஜூனில் ஒரு பெண் கல்யாணமாகிப் போனாள். அந்த இடத்துக்கு என் அக்கா மகள் பிலோமி சேர்ந்தாள். நான்தான் பெயர் கொடுத்தேன்.

வரிசை

அன்று மதியம் மூன்று மணிக்கு இரண்டு தொட்டியிலும் சாமியார்கள் உட்கார்ந்தார்கள். நான் நடுவில் பெஞ்சு போட்டு, வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குச் சாமியார் பக்கம் நாலைந்து கிழவர்கள். மற்ற பக்கம் பெண்கள் வரிசை வாசல் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது.

"என்ன வாத்தியாரே, அந்தத் தொட்டிக்கு ஒரு ஈயக் காணோம். இங்கிட்டு மட்டும் ரேஷன் கடை மாதிரி நிக்குது," என்றாள் சவேரியம்மா. கருவாடு விற்பவள். கோவிலுக்குள்ளும் சந்தைக் குரல்தான்.

"மெதுவாப் பேசுங்க."

"மெதுவாப் பேசத்தான் உள்ள போறோம். வெளியயும் மெதுவாப் பேசுன்னா, சத்தமாப் பேச எங்கிட்டுப் போறது?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

என் அக்கா ஞானம்மா முறை வந்து உள்ளே போனாள். அத்தான் மலேயாவில் இறந்த பிறகு அவளும் பிலோமியும் என்னோடுதான் இருந்தார்கள். போனவள் வெளியே வர வெகுநேரம் ஆனது.

"நமக்குப் பாவம் பண்ணவே நேரமில்ல. இந்த ஞானம்மாளுக்குச் சொல்லவே இம்புட்டு நேரமா?" என்றாள் சவேரியம்மா.

அக்கா மஞ்சள் சீட்டோடு எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி. பொங்கலுக்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்க்காத நிம்மதி. பொங்கலிலிருந்து பிலோமி சரியாகச் சாப்பிடவில்லை, பூ வைக்கப் போகவில்லை, காரணம் கேட்டால் அக்கா 'வயசுக்கு வாற நேரம், விடு தம்பி' என்று முடித்துவிடுவாள்.

அக்காவுக்குப் பிறகு இன்னும் ஐந்து பெண்கள் அதேபோல் நெடுநேரம் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள் என்பதுவரை டைரியில் இருக்கிறது. அந்த ஆறு பேரும் யாருடைய தாய்மார் என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர்கள் பெயர்களை அட்டவணையில் எட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நேரே நானே எழுதியிருந்தேன்.

மடக்குச் சாமி

அந்த வெளியூர்ச் சாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். வலது முழங்கால் மடங்காது. எந்த ஊருக்குப் போனாலும் கான்வாஸ் துணி போட்ட ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுபோவார். அதனால் பிள்ளைகள் அவரை மடக்குச் சாமி என்றார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஐந்தரை மணிக்குத் தொட்டியை விட்டு எழுந்து வந்தார். அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் கொண்டுபோய் வைத்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது.

சாயங்கால செபத்துக்குப் பிறகு, பீடத்துக்கு முன்னுள்ள கிராதியைப் பிடித்து நின்றபடி, அவர் பேசியதைத் தனித் தாளில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்:

"எல்லா ஊர்லயும் சொல்றதை இங்கயும் சொல்றேன். தொட்டியில கேட்டது எனக்குள்ளயே செத்துப்போயிடும். அதை வச்சு நான் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. ஒரு வார்த்தை யாரையும் கேட்க முடியாது. சொன்னவங்க எதிர்ல வந்தாலும் தெரியாதவன் மாதிரிதான் போகணும். அதனால, ஏதாவது நடக்கணும்னு நினைச்சுச் சொல்றவங்க வெளியில வந்து சொல்லணும். பூவரச மரத்தடியில என் நாற்காலி கிடக்கும். நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்."

மற்ற ஊர்களில் அந்த நாற்காலியைச் சுற்றிக் கூட்டம் நிற்குமாம். மருமகன் குடிக்கிறான், வாய்க்காலை மறித்துவிட்டான், பையனுக்கு போர்டிங்கில் இடம் வேண்டும் என்று.

எங்கள் ஊரில் ஒருவரும் வரவில்லை.

காரணம் கண்முன்னே இருந்தது. பூவரச மரத்துக்கு முப்பதடி எதிரே சாமியார் பங்களா. அதன் வராந்தாவில் எங்கள் பங்குச் சாமியார் செபப் புத்தகத்தோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மரத்தடியை ஒரு பார்வை. அரைமணி நேரத்தில் அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல குரல். காலராவின்போது வீடு வீடாகப் போனவர். போன வாரம் எழுதினேனே, பள்ளிக்கு ஓடு போட்டுக் கொடுத்த சாமியார், அவர்தான். எனக்கு வேலை கொடுத்தவரும், குடியிருக்கப் பள்ளிக்கூடத்து வீட்டைக் கொடுத்தவரும் அவர்தான். போன வாரம் அதையெல்லாம் எழுதிவிட்டு இந்த வாரம் இதை எழுதாமல் இருக்க முடியாது.

நான் போட்ட சட்டம்

இங்கே ஒரு பழைய விஷயத்துக்குப் போக வேண்டும்.

1952இல் என்னிடம் ஞானோபதேச வகுப்பை, அதாவது வேதபாட வகுப்பை, கொடுத்தார்கள். முதல் நன்மை வாங்கப்போகும் சிறுபிள்ளைகள். பாவசங்கீர்த்தனம் முடிந்து வெளியே வந்ததும், 'ஒனக்கு எத்தன மந்திரம் அபராதம்?' என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். அதிகம் வாங்கியவனைக் கேலி செய்வார்கள். சண்டை, மூக்கில் ரத்தம், ஒரு நாள் சிலேட்டு உடைந்தது.

எனக்கு ஒழுங்கு வேண்டியிருந்தது. ஒரு சட்டம் போட்டேன். தொட்டியில் பேசியதை வெளியே பேசுகிறவன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். உதட்டில் விரலை வைத்துக் காட்டி, "உள்ளே சொன்னது?" என்று கேட்பேன். நாற்பது பிள்ளைகளும் உதட்டில் விரலை வைத்து, "உள்ளேயே!" என்று கத்துவார்கள்.

ஒரே வாரத்தில் சண்டை நின்றது. டைரியில், 'வகுப்பு அமைதி. நல்ல பலன்.'

வேதத்தில் அப்படி இல்லை. பூட்டு சாமியாரின் வாய்க்குத்தான். ஞானோபதேசப் புத்தகத்தில் அது இருந்தது, நான் படித்துமிருந்தேன். பிள்ளைகளுக்கு அதைப் பிரித்துச் சொல்லப் பொறுமை இல்லை. ஆறு வருடம், ஆறு வகுப்பு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆத்தாமாருக்குச் சொன்னார்கள். யூதாஸ் என்ற வார்த்தைக்கு வயதானவர்களும் பயந்தார்கள். ஊரில் அதுவே சட்டமாகிவிட்டது.

ஒரு சந்தேகம்

ஆறு மணிக்கு மேல் அந்தப் பெரியவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அருகில் போனேன். உட்காரவில்லை. வராந்தாவிலிருந்து பார்ப்பவருக்குச் சாக்பீஸ் பற்றிப் பேசுவதுபோல் தெரியட்டும் என்று கையைக் கட்டி நின்றேன். அந்தக் கோழைத்தனமும் எனக்கு நினைவிருக்கிறது.

"யாரும் வரலையே சாமி."

"வராத ஊரும் உண்டு, வாத்தியார்."

"ஒரு சந்தேகம் சாமி. வகுப்புல சொல்லிக் குடுக்கணும். உள்ளே சொன்னவங்க, அதையே வெளியில வந்து இன்னொருத்தர்கிட்டச் சொல்லலாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா. ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லலாம். அவங்க வாய் அவங்களது. ஏன், கூடாதுன்னு இங்க யாராவது சொல்லியிருக்காங்களா?"

"நான்தான் சாமி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலில் இருந்த கை மட்டும் ஒருமுறை இறுகியது. சொல்ல அவருக்கு அனுமதி இல்லை என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. ஆறு பெண்கள் தனித்தனியாக வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, நாற்காலியைக் காட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாமல் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியையும் எல்லா ஊரிலும் போடுவதால்தான் எங்கள் ஊரிலும் போட முடிந்தது.

நான்கு கோடுகள்

விளக்கு ஏற்றியதும் சாப்பிட உட்கார்ந்தேன். சுடுசோறு, கத்தரிக்காய்க் குழம்பு. அக்கா பரிமாறிவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

"என்னக்கா, முகம் தெளிஞ்சிருக்கு?"

"சொல்லிட்டேன் தம்பி. பாரம் எறங்கிருச்சு. இனிமே அந்தப் பெரிய சாமி பாத்துக்குவாரு."

"எதை?"

"அதைச் சொல்லக்கூடாதுல்ல."

எனக்கு அப்போது அட்டவணை ஞாபகம் வந்தது. எட்டும் மஞ்சள். வியப்பு.

"அக்கா, அவரால எதையும் பாத்துக்க முடியாது. தொட்டியில கேட்டதை வச்சு ஒரு அடி எடுத்து வைக்க முடியாதுன்னு பிரசங்கத்துல சொன்னாரே."

"அது ஊருக்குச் சொல்றது. சாமியாரும் சாமியாரும் பேசிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. பேசக்கூடாது. ஒன்னை நேர்ல பாத்தாக்கூடத் தெரியாத மாதிரிதான் அவரு போகணும்."

அக்காவின் கை சோற்றிலேயே நின்றது.

"அப்ப நான் யாருகிட்டச் சொன்னேன்?"

"நாற்காலிக்கிட்டப் போய்ச் சொல்லு," என்றேன்.

"வெளிய சொன்னா யூதாஸ்னு நீதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தே."

"தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"ஆறு வருசமாவா?"

"ஆறு வருசமா."

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து பிலோமியின் குரல் வந்தது. பன்னிரண்டு வயது. இரண்டு மாதமாக வீட்டில் அந்தக் குரலே கேட்டதில்லை.

"மாமா, அப்ப நம்ம சாமி பண்ணினதை நான் வெளிய சொல்லலாமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவை விட்டு வரவில்லை.

"பொங்கலுக்குப் பெறகு என்னயத் தொட்டிக்குக் கூப்பிட்டாரு. தட்டிக்கு அங்கிட்டு இருந்துக்கிட்டு, இது பாவசங்கீர்த்தன ரகசியம், வெளிய சொன்னா நீ யூதாஸ்னாரு. ஒங்க மாமாவே வகுப்புல சொல்லிக் குடுத்திருக்காருல்லன்னாரு."

"சொல்லலாம்த்தா," என்றேன். "நீ யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

அவள் சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். பூச்சாடி வாங்கப் போன ஒரு சிறுபெண்ணிடம் அந்த மனிதர் தகாத விதத்தில் நடந்துகொண்டார், ஒரு தடவை இல்லை, பல தடவை, அவளுக்கு முன்னால் மற்ற பிள்ளைகளிடமும் என்பதைச் சொன்னால் போதும்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "காலைல கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள். தட்டுகளை எடுத்தபடியே, "இந்த வீடும் அவரு குடுத்ததுதான தம்பி?" என்றாள்.

"வீடு கெடக்கட்டும்."

"நான் வரமாட்டேன்," என்றாள் பிலோமி. "அவரு வராந்தாவுல நிப்பாரு. அவரு பாக்குற எடத்துல நான் உக்காரமாட்டேன் மாமா."

எவ்வளவு சொல்லியும் அந்த ஒன்றில் அவள் அசையவில்லை. நான் டைரியை எடுத்தேன். 'சுடுசோறு, கத்தரிக்காய்க் குழம்பு' என்று இருபத்தொன்றாவது கோட்டில் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

பிறகு

காலையில் நடந்ததைச் சொல்வதற்கு முன், அதன் பிறகு வந்த மாதங்களைச் சொல்லிவிடுகிறேன். அவற்றோடு இதை முடிக்க எனக்கு மனமில்லை.

மடக்குச் சாமி ஊருக்குத் திரும்பியதும் மேலிடத்துக்கு எழுதினார். தொட்டியில் கேட்டதில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை. வெளியே கேட்டது மட்டும். நானும் எழுதினேன், நாலு பக்கம். நகல் என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் போனது. மே போனது. ஜூனில் பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு, மேளம் வைத்து வழியனுப்பினார்கள். வாழ்த்து மடல் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள், எழுத்து அழகாக இருக்கும் என்று. மறுத்தேன். ஜூலையில் 'பள்ளியின் நலன் கருதி' எனக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்தோம். மற்ற பிள்ளைகளின் தாய்மார் யாரும் வாசலுக்கு வரவில்லை. சவேரியம்மா மட்டும் வண்டியடிக்கு வந்து, ஓலையில் சுற்றிய கருவாட்டை அக்கா மடியில் வைத்தாள். அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் மாற்றலாகிப் போன ஊரிலும் பள்ளிக்கூடம் இருந்தது. பூ வைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பள்ளி வாத்தியாருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு கார்டு வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம்.' அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. நேரில் போயிருக்கலாம். பஸ் இருந்தது.

தொட்டி இரகசியமே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. அதை ஒரு மனிதர் எவ்வளவு வேதனையோடு காத்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆனால் எங்கள் கடிதங்களை வாங்கிப் படித்தவர்களின் வாயில் எந்தப் பூட்டும் இல்லை. அவர்கள் யாரும் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் படித்தார்கள். ஒரு மனிதரை ஓர் ஊரிலிருந்து எடுத்து இன்னோர் ஊரில் வைத்தார்கள். அந்த ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் பிலோமியிடம் படிக்கக் கொடுத்தேன். பிலோமி அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. இரண்டு இடங்களை அடித்தாள். ஓரத்தில் ஒன்று எழுதிச் சேர்த்தாள்: 'அன்றைக்கு நான் பச்சைப் பாவாடை.'

மறுநாள் காலை

1958 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் 4.40க்கு எழுந்தேன். குளிக்கப் போகவில்லை. முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்தைத் திறந்து, ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையைத் தோளில் தூக்கினேன். ஆளுயரப் பலகை. தாங்கிக்காலைத் தனியாக இன்னொரு நடை கொண்டுவந்தேன். இரண்டையும் பூவரச மரத்துக்கும் பங்களா வராந்தாவுக்கும் நடுவே நிறுத்தினேன்.

மடக்குச் சாமி அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியார் இது?"

"ஞானோபதேச வகுப்பு சாமி. இன்னைக்கு இங்க வச்சுக்கிறேன்."

அவர் பலகையைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் பலகையின் மறைவுக்குள் போட்டுக்கொண்டார்.

நான் பங்களா பக்கம் போய் நின்று, ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன். காயும்வரை நின்றேன். பெரிய எழுத்தில் எழுதினேன்: 'உள்ளே சொன்னதை வெளியேயும் சொல்லலாம். பூட்டு சாமியாருக்கு மட்டும்.'

முதுகுக்குப் பின்னால் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்து வந்து, நின்றது. நான் திரும்பவில்லை. எழுதிய எழுத்தின் மேலேயே இன்னொரு முறை சாக்பீஸை ஓட்டினேன்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல், "தோத்திரம் சாமி," என்றது. நாற்காலி கிறீச்சென்றது. குனிந்து பார்த்தேன். பலகையின் அடியில் பச்சைப் பாவாடை ஓரமும், தரையில் எட்டாமல் தொங்கிய இரண்டு சின்னக் கால்களும் தெரிந்தன. பக்கத்தில் பழைய செருப்போடு இரண்டு பெரிய கால்கள் நின்றுகொண்டிருந்தன. வலது கால் கொஞ்சம் நடுங்கியது. அவள் பேசி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.